வீணையை உறையில் இடலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சத்சங்கம் முடிந்து, ஆரதியும் நிறைவுற்று, அன்பர்கள் பிரசாதம் பெற்றுக் கலைந்துகொண்டிருந்தார்கள். தாய் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. ஐந்து ஆண்டுகளாக வீணை பயின்று வந்தாள். பள்ளியில் ஓவிய வகுப்பிலும் சேர்ந்திருந்தாள்.

"மாமா, அடுத்த வருஷம் இவளுக்குப் பத்தாவது. வீணை, டிராயிங் இரண்டையும் ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைக்கலாமா என்று இவள் அப்பா கேட்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. கலைப்பயிற்சி மனத்தை ஒருமுகப்படுத்தும். ஒருமுகப்பட்ட மனம் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் எளிதில் பற்றிக்கொள்ளும். எனவே வீணை படிப்புக்குத் தடையன்று, துணையே என்றேன். அதோடு நில்லாமல், மகாராஷ்டிர அரசு நடத்தும் இண்டர்மீடியட் ஓவியத் தேர்வில் தேறியவர்களுக்குப் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் வழங்கும் ஏற்பாடு இருப்பதையும் நினைவூட்டினேன். அந்த அம்மையாரின் முகம் தெளிந்தது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியுடன் நானும் வீடு திரும்பினேன்.

மறு ஆண்டு தீபாவளி கழிந்த பிறகு அவரை மீண்டும் சந்தித்தேன். மகளின் வீணையைப் பற்றி விசாரித்தேன். "நீங்கள் சொன்னபடி ஒரு வருஷம் பார்த்தோம் மாமா. அரைப் பரீட்சையில் மார்க் கூடவில்லை. உறை போட்டு வைத்துவிட்டோம்" என்றார். அவர் குரலில் வருத்தமோ குற்றச்சாட்டோ இல்லை. மருந்து பலிக்கவில்லை, நிறுத்திவிட்டோம் என்று மருத்துவரிடம் சொல்வதைப் போன்ற இயல்பான தொனி.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தத் தாயின் வாதத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் என்னை வருத்தியது. மதிப்பெண்ணுக்கு உதவும் என்று நான் சொன்னேன், உதவவில்லை, ஆகவே தேவையில்லை. அந்த வீணையை உறையில் இட்டவர் அவரல்லர். நான்தான்.

கூலிக்கு அமர்த்தப்பட்ட கலை

என் பதில் என்னுடையது மட்டுமன்று. பள்ளிகளின் அறிமுகக் கையேடுகளில், ஆண்டுவிழா மேடைகளில், ஆன்மீகக் கூட்டங்களில்கூட நாம் இதையே சொல்லி வருகிறோம். இசை ஞாபகசக்தியை வளர்க்கும், ஓவியம் படைப்பாற்றலைத் தரும், அது பின்னாளில் உத்தியோகத்திற்கு உதவும். இவற்றில் சில உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கலையை மற்றொன்றின் வேலைக்காரனாக அறிமுகம் செய்துவைத்தால், அதைவிட நல்ல வேலைக்காரன் கிடைத்த அன்று அது வெளியேற்றப்படும். மனஒருமைப்பாட்டுக்கு ஏழு நாள் பயிற்சி முகாம் ஒன்று வந்தால் போதும். ஐந்து வருட சரளி வரிசைக்கும் ஜண்டை வரிசைக்கும் அங்கே என்ன மதிப்பு?

நாம் ஒவ்வொருவரும் கீதை படிப்பவர்கள். செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்று இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் உபதேசித்த கர்மயோகத்தின் மீது எத்தனை சொற்பொழிவுகள் கேட்டிருக்கிறோம்! கேட்டுவிட்டு வீடு திரும்பி, மகன் வரைந்த படத்தைக் காட்டும்போது, "இதற்கு எத்தனை மார்க்?" என்று கேட்கிறோம். பெரியவர்களின் அலுவலிலும் வியாபாரத்திலும் பலனை எண்ணாதிருப்பது கடினம். அது ஆயுள் முழுவதும் நீளும் சாதனை. ஆனால் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் யாரும் கேட்காமல், எதையும் எதிர்பாராமல், ஒரு செம்பருத்தியின் இதழ் விளிம்பை வரைந்து அழித்து மீண்டும் வரையும்போது, கர்மயோகத்தின் முதற்பாடம் தானாகவே அவனிடம் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. அங்கே சென்று கூலி பேசுபவர்கள் நாம்தான்.

இங்கே ஒரு நுட்பமான கேள்வி எழலாம். பலன் கருதாத செயலால் சித்தசுத்தி உண்டாகும் என்று சாஸ்திரமே கூறுகிறதே, அதுவும் ஒரு பலன்தானே? மதிப்பெண்ணுக்காக வீணை வாசிக்காதே, சித்தசுத்திக்காக வாசி என்று மகளிடம் சொல்வது, நாணயத்தை மாற்றிக் கொடுப்பதுதானே? இக்கேள்வியை நான் எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். எனக்குத் தோன்றும் விடை இதுதான்: சித்தசுத்தி எதிர்பார்த்து நிற்பவன் கைக்குச் சிக்கும் பொருளன்று. வாசிக்கும்போது வாசிப்பிலேயே இருப்பவனுக்கு அது, அவன் அறியாமலே, உண்டாகிறது. "என் மனம் தூய்மையாகிவிட்டதா?" என்று நடுவில் நிறுத்திப் பார்ப்பவனுக்குச் சுருதியும் விலகிவிடுகிறது, தூய்மையும் விலகிவிடுகிறது. ஆகவே அதைக் குழந்தையிடம் வாக்குறுதியாகச் சொல்லவே கூடாது.

குடத்தின் வாய்

அப்படியானால் அந்தத் தாயிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உயர்நிலைப் பள்ளியின் ஓவிய வகுப்பிலும் இசை வகுப்பிலும் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

மகாராஷ்டிரத்தின் ஓவியத் தேர்வுகளில் பொருள்களை எதிரே வைத்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், அலங்கார வடிவமைப்பு, வடிவியலும் எழுத்துருவும் என்று பல பகுதிகள் உண்டு. இவற்றுள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். மேசைமேல் ஒரு பித்தளைக் குடம். நாற்பது மாணவர்கள் அதைச் சுற்றி அமர்ந்து வரைகிறார்கள். புதிதாக வரைபவர்களுள் பெரும்பாலோர் ஒரே பிழையைச் செய்வார்கள். குடத்தின் வாயை முழு வட்டமாகவோ, வட்டத்துக்கு மிக நெருங்கியோ வரைவார்கள். அடிப்பாகத்தை நேர்கோடாக இழுப்பார்கள். மாணவன் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாய் வட்டமாகத் தெரியவே தெரியாது. சப்பையான நீள்வட்டமாகத்தான் தெரியும். அடிப்பாகமும் வளைந்தே தெரியும். பிறகு ஏன் வட்டம் வந்தது? குடத்தின் வாய் வட்டம் என்று அவனுக்குத் தெரியும். மேசை தட்டையானது, அதன்மேல் நிற்கும் குடத்தின் அடியும் தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் அவனுக்குத் தெரியும். எதிரில் இருக்கும் குடத்தை அவன் வரையவில்லை; தான் அறிந்து வைத்திருக்கும் குடத்தை வரைந்தான்.

வேதாந்தம் பயில்வோருக்கு இது எங்கோ கேட்ட செய்தியாகத் தோன்றும். உள்ளதன் மேல் மனம் தன் கற்பனையை ஏற்றிவைப்பதை அத்யாசம் என்கிறோம். கயிற்றைப் பாம்பாகக் கண்ட கதையை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம். கேட்டுத் தலையசைத்திருக்கிறோமே தவிர, நம் கண் ஒவ்வொரு கணமும் அதைச் செய்துகொண்டிருப்பதைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறோமா? ஓவிய வகுப்பில் அது பிடிபடுகிறது. ஆசிரியர் பென்சிலைக் கண்ணுக்கு நேரே நீட்டி அளந்து பார்க்கச் சொல்கிறார். மாணவன் அளக்கிறான். தான் நினைத்ததில் கால் பங்கு உயரம்கூட அந்த வாய்க்கு இல்லை என்று காண்கிறான். அந்த ஒரு நிமிடத் திகைப்பு இருக்கிறதே, அதை எந்தப் பாடநூலும் தர இயலாது. குடம் வரைந்தவனுக்கு ஆத்மஞானம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. "நான் பார்த்ததாக நினைத்தேன், ஆனால் பார்க்கவில்லை" என்ற ஒப்புதல் ஒருவனுக்குப் பதினான்கு வயதில் ஒரு முறையாவது வாய்த்திருந்தால், பிற்காலத்தில் ஒரு மனிதரைப் பற்றி அவசரமாகத் தீர்ப்புச் சொல்லும்போது கை சற்றே தயங்கலாம். தயங்காமலும் போகலாம்.

இசையில் இதுவே செவிக்கு நிகழ்கிறது. வீணையில் ஏழு தந்திகள். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்ற நான்கு வாசிப்புத் தந்திகளையும் பக்கத்திலுள்ள மூன்று தாளத் தந்திகளையும் பிரடைகளைத் திருகிச் சுருதி சேர்க்க வேண்டும். இப்போது கைப்பேசியிலேயே அளவு காட்டும் கருவி இருப்பதால் பல மாணவர்கள் செவியால் சேர்க்கப் பழகுவதில்லை. பொறுமையற்ற பெற்றோர்கள் ஆசிரியரையே சேர்த்துத் தரச் சொல்கிறார்கள். இது எனக்குச் சம்மதமில்லை. சேரும் சேராத அந்தப் பத்து நிமிடங்கள்தான் முக்கியமான பாடம். தந்தி சற்றே விலகி நின்றால் ஓர் அதிர்வு காதை உறுத்தும். நெருங்க நெருங்க அது மெதுவாகும். சேர்ந்த கணத்தில் மறைந்துவிடும். இதில் வாதத்துக்கு இடமில்லை. வரலாற்றுத் தேர்வில் தெரியாத விடையை நான்கு பக்கம் நீட்டி எழுதி ஆசிரியரை ஏமாற்றலாம். சுருதியை ஏமாற்ற முடியாது. பணக்கார வீட்டுப் பிள்ளையின் தந்தியும் ஏழை வீட்டுப் பிள்ளையின் தந்தியும் சேர்ந்தால்தான் சேர்ந்தது.

ஏன் குறிப்பாக உயர்நிலைப் பள்ளிப் பருவம்? ஐந்து வயதுக் குழந்தையிடம் வண்ணக்குச்சியைக் கொடுத்தால் சந்தேகமே இல்லாமல் வரையும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் விமரிசனக் கண் திறக்கிறது. தான் வரைந்த குதிரை குதிரைபோல் இல்லை என்று தெரிகிறது. "எனக்கு வராது" என்று சொல்லிப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதற்குமாக அங்கேயே பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நம்மில் எத்தனை பேர் அப்படி வைத்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வராத ஒன்றின் அருகில், வெட்கப்படாமல், ஓடிவிடாமல் அமர்ந்திருக்கக் கற்பது அந்தப் பருவத்தில்தான் தேவைப்படுகிறது. ஜபத்தில் அமர்ந்து, மனம் நிற்காமல் அல்லாடுவதைக் கண்டு, "எனக்கு வராது" என்று எழுந்துவிடும் நம் அன்பர்களை நினைக்கும்போது இது இன்னும் தெளிவாகப் புரிகிறது. நாம் அதே வயதில் அதே காரணத்துக்காகப் பென்சிலையும் வைத்தவர்கள்.

நரேந்திரனின் தேர்வு

1881 நவம்பரில் கல்கத்தாவில் சுரேந்திரநாத் மித்ரரின் இல்லத்துக்கு ஸ்ரீராமகிருஷ்ணர் எழுந்தருளியபோது, நல்ல பாடகர் ஒருவர் கிடைக்காமல், அக்கம்பக்கத்தில் வசித்த நரேந்திரன் என்ற இளைஞனை அழைத்து வந்தார்கள். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. கல்லூரித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம். பாடினான். குருதேவர் அவனை தட்சிணேசுவரத்துக்கு வரும்படி அழைத்தார். பின்னர் நடந்தது உலகம் அறிந்தது. நரேந்திரன் வாய்ப்பாட்டும் பக்கவாஜும் முறையாகப் பயின்றவன். தந்தை விசுவநாத தத்தரே மகனின் இசைப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்திருந்தார். 1887-இல் வெளிவந்த 'சங்கீத கல்பதரு' என்ற பாடல் தொகுப்பில் நரேந்திரனின் பங்கு உண்டு.

தேர்வு நெருங்குகிறது, பாட்டை நிறுத்து என்று அந்த வீட்டில் சொல்லியிருந்தால்? இப்படிக் கேட்க நாவு துடிக்கிறது. ஆனால் கேட்டால் நான் பழைய தவறையே செய்தவனாவேன். வீணை கற்றால் மதிப்பெண் வரும் என்று சொன்னவன், இப்போது வீணை கற்றால் விவேகானந்தர் ஆகலாம் என்று சொல்லத் துணிகிறேன். பேரம் பெரிதாகிறதே தவிர மாறவில்லை. எனவே அந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லியே ஆக வேண்டும். 1884-இல் விசுவநாதர் காலமானார்; குடும்பம் கடனில் மூழ்கியது; நரேந்திரன் வேலை தேடி வெயிலில் வெறுங்காலுடன் அலைந்தான். அத்தனை ஆண்டு இசைப் பயிற்சி அந்தக் கடனைத் தீர்க்கவில்லை. தந்தை பலனை எண்ணிப் பயிற்றுவித்திருந்தால் அது வீண் செலவுதான்.

பிற்காலத்தில் பேலூர் மடத்தில் ரணதாபிரசாத தாஸகுப்தர் என்ற ஓவியருடன் சுவாமிஜி உரையாடியது பதிவாகியுள்ளது. மேலை நாட்டினர் பயன்பாட்டை இலட்சியமாகக் கொண்டனர், நம்மவர்கள் அன்றாடப் பாத்திரத்திலும் அழகை நாடினர், இனி நமக்கு இரண்டும் சேர வேண்டும் என்பது அவர் கருத்து. நீர், தாமரை, உதய சூரியன், பாம்பு, அன்னம் ஆகியவை கொண்ட இராமகிருஷ்ண சங்கத்தின் சின்னத்தை வரைந்தவரும் அவரே. பஞ்சத்தையும் பசியையும் பற்றி இடைவிடாது கவலைப்பட்ட ஒரு துறவி, கலையைச் செல்வர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடவில்லை.

யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது?

பயனை எண்ணாதே என்ற உபதேசத்தை எல்லாரிடமும் ஒரே குரலில் சொல்ல முடியாது. நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து மகனைப் படிக்கவைக்கும் தாய்க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே ஒரே ஏணி. அவரிடம் சென்று நிஷ்காம கர்மம் பேசுவது கொடுமை. வெறும் வயிற்றுக்குத் தர்மம் ஏறாது என்று நம் ஆசாரியர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிறுவன் ஓவிய அறைக்குள் நுழையக் கூடுதல் மதிப்பெண் ஒரு காரணமாக இருந்தால், அந்த மதிப்பெண் வாழ்க! குழந்தையைக் கோவிலுக்கு அழைத்துச் செல்லச் சுண்டலைக் காட்டுவதில்லையா? வளர்ந்த பிறகும் சுண்டலின் அளவைக் கொண்டு தெய்வத்தை அளந்தால்தான் தவறு.

நான் கண்டதோ இதற்கு நேர்மாறானது. பலனைப் பற்றிக் கவலைப்படாதிருக்க வசதியுள்ள வீடுகளில்தான் மதிப்பெண் கடுகளவும் பிசகாமல் எண்ணப்படுகிறது. போதாததற்கு இப்போது மேடை வந்திருக்கிறது. மதிப்பெண்ணுக்காக வேண்டாம், தொலைக்காட்சிப் போட்டிக்காகப் பாடட்டும் என்கிறார்கள்.

இந்த இடத்தில் பள்ளிகளின் பொறுப்பையும் சொல்ல வேண்டும். 2005-இல் வெளிவந்த தேசியக் கலைத்திட்ட வரைவு, கலைக்கல்வி பத்தாம் வகுப்பு வரை கட்டாயமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2019-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் இரண்டு பிரிவேளைகளையாவது கலைக்கு ஒதுக்கும்படி தன் பள்ளிகளைப் பணித்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கலைக்கும் அறிவியலுக்கும் இடையே கடுமையான பிரிவினை கூடாது என்றது. ஏட்டில் எல்லாம் அழகாகவே இருக்கிறது. ஆனால் தேர்வு நெருங்கியதும் முதலில் கணித ஆசிரியர் கடன் வாங்குவது ஓவியப் பிரிவேளையைத்தான். அந்தக் கடன் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஓவிய ஆசிரியர் அப்போது ஆண்டுவிழாத் தோரணத்துக்கு எழுத்து வரைந்துகொண்டிருப்பார்.

வசதியுள்ள குழந்தை இழந்ததைத் தனிப் பயிற்சியில் பெற்றுக்கொள்ளும். வீட்டில் வண்ணப்பெட்டியோ வாத்தியமோ இல்லாத குழந்தைக்கு அந்த வாராந்தர இரு பிரிவேளைகளே உலகம். அவை எடுக்கப்படும்போது அவனிடமிருந்து மட்டுமே எடுக்கப்படுகின்றன. இதை ஒரு தர்மப் பிரச்சினையாக நம் மிஷன் அன்பர்களுள் பள்ளி நடத்துபவர்களும் ஆசிரியர்களும் கருதினால் நன்று.

கலை வகுப்பு நடந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. மேல்நிலை வகுப்புகளில் மத்திய வாரியத்தின் ஓவியப் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைக்கு 70 மதிப்பெண்கள். கை செய்வதற்கு இவ்வளவு இடம் கொடுத்தது நல்லதே. ஆனால் அந்த முப்பதை மாணவர்கள் எப்படிப் பெறுகிறார்கள்? அவனீந்திரநாத தாகூரின் 'பயணத்தின் முடிவு' என்ற படத்தில் சுமையோடு சரிந்து விழும் ஒட்டகத்தைப் பற்றி, வழிகாட்டி நூலிலிருந்து பத்து வரி மனப்பாடம் செய்கிறார்கள். அந்த ஒட்டகத்தின் மடிந்த முன்கால்களை ஒரு நிமிடமாவது உற்றுப் பார்த்தவர் அவர்களுள் எத்தனை பேர்? நந்தலால் போஸ் 1938 ஹரிபுரா காங்கிரசுக்காகத் தீட்டிய உழவனின் படமும் அதே பாடத்தில் இருக்கிறது. கிராம மக்கள் நடந்து செல்லும் வழியில் பார்க்கும்படி வரையப்பட்ட படம் அது. இப்போது அதைப் பார்க்காமலே அதைப் பற்றி எழுதலாம்.

கலை பயின்றவர்கள் எல்லாரும் நல்லவர்களாகிவிடுவதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சுருதி சுத்தமாகப் பாடிவிட்டுச் சக கலைஞரைப் பற்றிப் புறங்கூறுபவர்களை நாம் அறிவோம். கண்ணும் செவியும் கற்ற நேர்மையை நாவும் நெஞ்சும் கற்க வேண்டுமானால் அதற்குத் தனியே முயல வேண்டியிருக்கிறது. கதாதரன் என்ற சிறுவனைக் காமார்புகூரின் வயல் வரப்பில், கருமேகத்தின் குறுக்கே பறந்த வெண்கொக்குகள் தன்னை மறக்கச் செய்தன. அதே கொக்குகளை அன்று அந்த ஊரில் இன்னும் சிலர் பார்த்திருக்கலாம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள்.

இவ்வாண்டு அந்த அம்மையாரை மறுபடியும் கண்டேன். மூத்த மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். வீணை இன்னும் உறையில்தான் இருக்கிறதாம். தந்திகள் துருப்பிடித்திருக்கும் என்றார். அவருடைய இளைய மகன் இப்போது எட்டாம் வகுப்பு. ஓவிய வகுப்பில் சேர வேண்டும் என்று பிடிவாதம் செய்கிறான்.

"சேர்க்கலாமா மாமா? அதனால் என்ன பிரயோஜனம்?"

"எனக்குத் தெரியாது அம்மா. போன தடவை தெரியும் என்று சொல்லித் தவறு செய்துவிட்டேன்."

அவர் என்னை வியப்புடன் பார்த்தார்.

"ஒன்று செய்யுங்கள். வீட்டில் பித்தளைக் குடம் இருக்கிறதா? அதை மேசைமேல் வைத்து அவனை வரையச் சொல்லுங்கள். நீங்களும் எதிரில் ஒரு காகிதத்தோடு உட்கார்ந்து வரையுங்கள்."

"நானா? எனக்கு வராதே!" என்று சிரித்தார்.

"அதனால்தான்."

"குடத்தையா வரையச் சொல்கிறீர்கள்?"

"குடத்தைத்தான். முதலில் அதன் வாயை வரைந்து பாருங்கள்."

அவர் இன்னும் வந்து ஒன்றும் சொல்லவில்லை.